கொட்டகையில் கிடந்த குட்டி வண்டி

போன இதழில் துருப்பிடித்த தோசைக் கல்லைப் பழக்குவது எப்படி என்று எழுதினாலும் எழுதினேன், "எங்கள் வீட்டு அரிவாள்மணை", "எங்கள் மாமியாரின் இரும்புச் சட்டி" என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒவ்வொருவர் வீட்டிலும் எவ்வளவு துரு இருக்கிறது! அதையெல்லாம் படித்த பிறகு, ஒரு வருஷமாக நான் கட்டிக்கொண்டு அழுத பெரிய துருவைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது ஒரு வண்டி. டி.வி.எஸ். 50. என் அம்மாவின் வண்டி.

"இதென்ன, வீட்டுப் பக்கத்தில் மோட்டார் ரிப்பேரா?" என்று முகம் சுளிக்காதீர்கள். இந்த வேலையில் பாதி, சமையலறை வேலை. மீதியில் பாதி, குழந்தைகள் உள்ள வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது. அதில் நான் செய்த ஒரு பெரிய தப்பையும் ஒளிக்காமல் சொல்லப் போகிறேன்.

அப்பா போன பிறகு அம்மா திண்டிவனம் வீட்டில் தனியாக இருந்தாள். முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை. ஒருவழியாக விழுப்புரத்துக்கு எங்களோடு வந்துவிடச் சம்மதித்தாள். வீட்டைக் காலி செய்யும்போது பழைய இரும்புக் கடைக்காரர் வந்து அண்டா, குண்டா, கட்டில் எல்லாவற்றையும் எடை போட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கம் மாட்டுக் கொட்டகையில் தென்னை ஓலைக்கு அடியில் இது கிடந்தது. இரண்டு டயரும் தரையோடு தரையாகப் பதிந்து, சீட்டுக்குள் எலி குட்டி போட்டு, சிவப்புப் பெயிண்ட் பொரிந்துபோய்... பார்க்கவே பாவமாக இருந்தது. "எடுத்துட்டுப் போப்பா" என்றாள் அம்மா, ஏறிட்டுக்கூடப் பார்க்காமல். அவர் வண்டியைத் தூக்கித் தராசுப் பக்கம் சாய்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, அதை விட்டுடுங்க" என்றேன்.

"துருப்புடிச்ச சனியனை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போறே?" அம்மா கோபித்துக்கொண்டாள். என்ன பண்ணப் போகிறேன் என்று அப்போது எனக்கும் தெரியாது.

இன்றைய பெண்களுக்கு அந்த வண்டியின் அருமை தெரிய நியாயமில்லை. 'மோபெட்' என்ற பெயரே மோட்டார், பெடல் இரண்டையும் ஒட்டிச் செய்தது. நம் ஊருக்கு அது வந்த கதை 1970களில் தொடங்குகிறது. 1972-ல் கைனடிக் கம்பெனியின் லூனா வந்தது. திருப்பதியிலிருந்து சுவேகா வந்தது. 1980-ல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மோபெட் என்று அதற்குப் பெயர். கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்க வேண்டாம். ஸ்டாண்டு போட்டு சைக்கிள் மாதிரி பெடலை மிதித்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் தீர்ந்தால் வெட்கப்படாமல் மிதித்துக்கொண்டே வீட்டுக்கு வரலாம். புடவை கட்டிய பெண் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரலாம் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். ஸ்கூட்டர் வாங்க முடியாத வீடுகளில், டீச்சரம்மாவும் நர்சம்மாவும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வேலைக்குப் போனது இந்தக் குட்டி வண்டிகளில்தான்.

என் அம்மா கிராம சுகாதார நர்ஸ். அப்போது எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாம் தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல். திண்டிவனத்திலிருந்து மயிலம் பக்கத்துக் கிராமங்களுக்கு அம்மா போக வேண்டும். கூட்டேரிப்பட்டு வரை பஸ் இருக்கும். அங்கிருந்து உள்ளே போவதற்கு நடைதான். 1985-ல் மத்திய அரசு அனைவருக்கும் தடுப்பூசித் திட்டத்தை ஆரம்பித்துப் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டு வந்தது. முத்தடுப்பு ஊசி, அம்மை ஊசி, போலியோ சொட்டு மருந்து எல்லாவற்றையும் ஐஸ் வைத்த பெட்டியில் எடுத்துப் போக வேண்டும். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருந்தால்தான் மருந்துக்கு வீரியம். சித்திரை வெயிலில் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால் ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? அம்மா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, 1986-ல் வண்டியை வாங்கினாள். பெட்டியை வைப்பதற்குப் பின்னால் கேரியர் போட்டாள். இந்தியாவில் கடைசியாகப் போலியோ நோய் கண்டது 2011 ஜனவரியில். 2014-ல் உலக சுகாதார நிறுவனம் போலியோ ஒழிந்தது என்று சான்று கொடுத்தபோது டெலிவிஷன் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என் வண்டிக்கும் ஒரு சர்டிபிகேட் குடுக்கலாம்" என்றாள். அவள் அந்த வண்டியைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

எனக்கோ அது முன்னால் நின்றுகொண்டு போன வண்டி. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் காற்றடிக்க, கண்ணில் பூச்சி விழ... இன்று என் குழந்தையை அப்படி நிற்க வைத்துக்கொண்டு போக நான் சத்தியமாகச் சம்மதிக்க மாட்டேன். ஆனால் நினைத்தால் இனிக்கத்தான் செய்கிறது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் 40 கிலோமீட்டர் சொச்சம். கட்டில், பீரோவோடு வண்டியும் குட்டி யானையில் ஏறி வந்தது. "பீரோவுக்குத் துணையா இதுவா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பின்கட்டில் இறக்கி வைத்தேன். எங்கள் தெருவில் ஒரு வயசான மெக்கானிக் இருக்கிறார். அவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெடலை மெல்ல அழுத்திப் பார்த்தார். எஞ்சின் இறுகியிருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, "நாலு நாள் கெடக்கட்டும்மா. பலம் குடுத்து மிதிக்காதே. உள்ள ரிங்கு ஒடைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் மெதுவாக அசைந்தது பாருங்கள், எனக்கு ஏதோ மயக்கம் தெளிந்து ஒருத்தி கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது.

அன்று அவர் சொன்ன கணக்கைத்தான் வேலை முழுவதும் பின்பற்றினேன். "கண்ணால பாக்குறது எல்லாம் பழசா இருக்கட்டும். உசுரைக் காப்பாத்துறது எல்லாம் புதுசா இருக்கட்டும்" என்றார். டேங்க், மட்கார்டு, ஹேண்டில்பார், சீட்டின் சட்டம் ஆகியவை பழசாகவே இருக்கலாம். பிரேக் ஷூ, பிரேக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், டயர், டியூப், பெட்ரோல் டியூப், விளக்கு ஒயர் ஆகியவற்றில் பழசு ஒன்றுகூட வேண்டாம். டயரில் பூ நன்றாக இருக்கிறதே என்று நான் தயங்கினேன். அவர் விரலால் பக்கவாட்டை மடக்கிக் காட்டினார், அப்பள விரிசல். ரப்பருக்கு ஓடினாலும் வயசு, கிடந்தாலும் வயசு. இப்போது வாங்கும் டயரின் பக்கத்தில் நாலு எண் போட்டிருப்பார்கள்: முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். கடையில் வருஷக்கணக்காகத் தூங்கிய டயரைத் தலையில் கட்டிவிடாமல் இருக்க அதைப் பார்த்து வாங்குங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் உப்புத் தாளை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து வறட்டு வறட்டென்று பெயிண்டைத் தேய்த்தேன். சிவப்புத் தூள் பறந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை, ஒன்றரை வயசு, வழக்கம் போலத் தவழ்ந்து வந்து தரையைத் தட்டிக்கொண்டு, கையை வாயில் வைத்துக்கொண்டு விளையாடியது. அம்மா உள்ளேயிருந்து காபி டம்ளரோடு வந்தவள், அதைப் பார்த்தாள். டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கை, வாய், முகம் எல்லாம் கழுவினாள். திரும்பி வந்து, "அந்தப் பெயிண்ட்ல ஈயம் இருக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். முப்பது வருஷம் வீடு வீடாகக் குழந்தைகளைப் பார்த்தவளின் குரல் அது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

உண்மைதான். பழைய பெயிண்டுகளில், அதுவும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில், ஈயம் சேர்ப்பது வழக்கம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி செய்ததே 2016-ல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதுவும் வீட்டுப் பெயிண்டுக்குத்தான். 1986-ல் அடித்த வண்டிப் பெயிண்டை நல்ல பெயிண்ட் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்றுக்கொள்வதைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியையே பாதிக்கும். எலும்பில் போய்த் தங்கும். கர்ப்பிணியின் எலும்பிலிருந்து வயிற்றுக் குழந்தைக்கும் போகும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தைகளிடம் இன்னும் அதிகமாகச் சேரும். குழந்தையின் தாயிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். டாக்டரிடம் காட்டினோம். ஒரே ஒரு தடவை, சில நிமிஷம்தான் என்றாலும், ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடலாம் என்றார். முடிவு வரும் வரை எனக்குத் தூக்கமில்லை. கவலைப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது. குழந்தையின் பாட்டி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அதனால் கேளுங்கள். வண்டியோ, ஜன்னல் கம்பியோ, பாட்டி காலத்துத் தொட்டிலோ, பழைய பெயிண்டை வறட்டுத் தேய்ப்பு தேய்க்கவே தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கடையில் கருப்பாக ஒரு தாள் தருவார்கள். அதை நனைத்து, வண்டியையும் நனைத்து, சொட்டச் சொட்டத் தேய்க்க வேண்டும். கீழே பழைய பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வரும் குழம்பை அதோடு சுருட்டிக் கட்டிப் போட வேண்டும். வாசல் மண்ணில் ஊற்றக் கூடாது. அந்தப் பக்கம் குழந்தையோ கர்ப்பிணியோ வரக் கூடாது. துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். பெயிண்டைத் தீயில் காட்டி உரிப்பதும் வேண்டாம், ஆவியாக மூக்குக்குள் போகும். நான் தேய்த்த பின்கட்டைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியால் மூன்று நாள் துடைத்தேன்.

பிரேக் டிரம்மைத் திறந்தபோதும் இதே பாடம்தான். திறந்தவுடன் 'ஃபூ' என்று வாயால் ஊதித் தூசியைப் பறக்கவிடுவது மெக்கானிக்குகளின் பழக்கம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்த நார் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட நோயைக் கொண்டுவரும். "இத்தனை வருசமா ஊதிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று பெரியவர் சிரித்தார். அம்மா விடவில்லை. ஈரத் துணியைக் கொண்டு வந்து கையில் கொடுத்து, "இனிமே தொடைங்க" என்றாள். அவரும் துடைத்தார். நர்சம்மா சொன்னால் கேட்கும் தலைமுறை!

சமையலறைக்கு வருவோம். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் காடு. அந்தத் துரு கார்புரேட்டருக்குள் இறங்கினால் வண்டி பத்தடி ஓடி நின்றுவிடும். இதற்குப் பெரியவர் ஆசிட் ஊற்றலாம் என்றார். ஆசிட்டை வீட்டுக்குள் விட எனக்கு மனமில்லை. திண்டிவனத்துப் பெண்ணுக்குப் புளியா தெரியாது? புளியமரக் காடு என்று பொருள்படும் 'திந்திரிணி வனம்'தான் திண்டிவனம் ஆயிற்று என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது ஏன் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் களிம்பைக் கரைக்கிறது. துருவையும் அது மெள்ளக் கரைக்கும்.

முதலில் டேங்கைத் தனியே கழற்றி, மீதிப் பெட்ரோலை வெளியே வைத்து இறக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று நாலு தடவை அலசினேன். காலி டேங்க்தானே என்று அலட்சியம் வேண்டாம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில் அடைபட்ட ஆவிதான் ஆபத்து. அடுப்பு, ஊதுவத்தி, சுவாமி விளக்கு எதுவும் கிட்டத்தில் இருக்கக் கூடாது. பிறகு, கருத்துப்போன பழைய புளி ஒரு கிலோவை வெந்நீரில் ஊற வைத்து, கெட்டியாகக் கரைத்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டினேன். நார் போய்விட்டால் கார்புரேட்டரை அடைக்கும். டேங்கின் கீழ் ஓட்டையைக் கார்க்கால் அடைத்து, பத்துப் பதினைந்து நட்டு போல்ட்டுகளைப் போட்டு, புளிக் கரைசலை ஊற்றி, அவ்வப்போது குலுக்கினேன். என் மகளும் அவள் சிநேகிதியும் முறை போட்டுக் குலுக்கினார்கள். இரண்டு நாள் கழித்துக் கொட்டினால் காபி டிகாக்ஷன் மாதிரி வந்தது. மறுபடி ஒரு தடவை. போல்ட்டுகளை எண்ணி எடுத்த பிறகு, நல்ல தண்ணீர், அடுத்து சமையல் சோடா கலந்த தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர். புளிப்பு மிச்சமிருந்தால் மறுநாளே துரு திரும்பிவிடும். வெயிலில் நன்றாகக் காய வைத்து, உடனே கொஞ்சம் எஞ்சின் ஆயிலை விட்டு உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி வைத்தேன். தகரம் தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருக்கும் டேங்குக்கு இந்த வைத்தியம் பலிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோலைப் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டில் வண்டி வேலை நடந்தால் தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங் பாட்டிலிலும் பெட்ரோல், மண்ணெண்ணெய் வந்து உட்கார்ந்துவிடும். குழந்தை தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடும். அம்மா தன் சர்வீசில் இப்படி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறாள். குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றில் இருப்பதைவிட அதுதான் உயிருக்கு ஆபத்து. 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டியூபை வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் இதையே சொல்லி வையுங்கள். கையில் கிரீஸ் ஒட்டினால் பெட்ரோலில் கழுவாமல், தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுத் தேய்த்துச் சோப்பால் கழுவினால் பஞ்சாகப் போகும்.

இன்னொரு புது விஷயம்: இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. 1980களின் வண்டிகளை இதற்காகச் செய்யவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊதச் செய்யும். அதனால்தான் பெட்ரோல் டியூபைப் புதிதாக, எத்தனாலைத் தாங்குவதாகக் கேட்டு வாங்கச் சொன்னார். வண்டியை வாரக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க மறந்தால் இந்த எஞ்சின் இறுகிவிடும் என்பது பழைய கைகளுக்குத் தெரியும். வீட்டில் புதிதாக ஓட்டுபவர்களுக்கு எழுதி ஒட்டி வையுங்கள்.

பின் சக்கரத்தில் புடவை கார்டு இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மருந்துப் பெட்டிக்குக் கேரியர் வைக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று நாங்கள்தான் கழற்றி வைத்தோம். ஒரு நாள் சித்தியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அம்மா மயிலம் கோயிலுக்குப் போனாள். சித்தியின் முந்தானை காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கிச் சுருட்டிக்கொண்டது. மெதுவாகப் போனதால் தப்பித்தாள். மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று. அந்தக் கைக்கட்டோடு சித்தி எங்கள் வீட்டில் ஒரு மாசம் இருந்தாள். அதைப் பற்றி அம்மா இன்றுவரை பேசுவதில்லை. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றுபவர்களை இன்றும் பார்க்கிறேன். இப்போது புடவையைவிடத் துப்பட்டாதான் அதிகம் சிக்குகிறது. அது கழுத்தைச் சுற்றியிருப்பதால் இன்னும் மோசம். லேத் பட்டறையில் கம்பி வளைத்து, பழைய மாதிரியே ஒரு கார்டு செய்து மாட்டினேன். எல்லா வேலையிலும் எனக்கு மிகவும் திருப்தி தந்த வேலை அது.

பெயிண்ட் காய்ந்து, எல்லாம் மாட்டி, ஒரு நாள் காலையில் ஸ்டாண்டு போட்டுப் பெரியவர் மிதித்தார். புகையும் தும்மலுமாக எஞ்சின் பிடித்தது. தெருவே கைதட்டாத குறை. ஆனால் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் திணறியது. பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைத் திறந்து மூடினார். சரியாகவில்லை. கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள்: "சைலன்சரைக் கழட்டிச் சுட்டீங்களா?"

பெரியவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஆயில் கலந்து எரியும் எஞ்சினில் சைலன்சருக்குள் கரி கட்டிக்கொள்ளும். புகை வெளியே போக வழியில்லாமல் வண்டி மூச்சு முட்டும். அந்தக் காலத்தில் கழற்றி நெருப்பில் போட்டுச் சுட்டுத் தட்டுவார்கள். (அதன் புகை கெட்ட புகை, வீட்டு அடுப்பில் வேண்டாம், பட்டறையிலேயே செய்யச் சொல்லுங்கள்.) மறுநாள் சுட்டுத் தட்டினார். ஒரு கை நிறையக் கரி கொட்டியது. மாட்டி மிதித்தால்... அந்தப் பழைய சத்தம்! அம்மா கீரைக் கட்டை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் ஐடில் கொறைங்க" என்றாள்.

காகித வேலை தனிக் கதை. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அம்மா ரிட்டையர் ஆனதோடு எங்கள் வண்டியின் புதுப்பிப்பும் நின்றுவிட்டது. 50 வயசு தாண்டிய வண்டிகளைப் 'பழம்பெரும் வாகனம்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது. எங்கள் வண்டிக்கு அந்த மரியாதை கிடைக்க 2036 வரை காத்திருக்க வேண்டும்! ஆகவே சாதாரணப் பாதைதான்: சோதனை, புகைச் சான்று, இன்சூரன்ஸ், கட்டணம். இரண்டு விஷயம் முன்கூட்டியே கவனியுங்கள். சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர் மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நிறத்தையே அடியுங்கள். மாற்றினால் அதற்கு வேறு எழுதிக் கொடுத்து அலைய வேண்டும். மொத்தச் செலவு என் கணக்கு நோட்டில் 14,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இதைச் சிக்கனம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

இனி என் மகள். பதினேழு வயசு. கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு 16 வயசிலேயே லைசென்ஸ் கிடைக்கும் என்று அவளே சட்டம் எடுத்துக் காட்டினாள். உண்மைதான். இன்றைய மோபெட்டே 100 சி.சி.க்குப் பக்கத்தில் இருக்கும்போது, அந்த லைசென்சுக்குப் பொருத்தமான பெட்ரோல் வண்டி தேடினால் எங்கள் பின்கட்டில் நிற்பதுதான்! லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால், 2019 திருத்தத்தின்படி பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. அவளுக்கு முறைப்படி வாங்கிக் கொடுத்தோம். நானும் அவள் அப்பாவும் ஒரு வாரம் சண்டை போட்ட பிறகு, தெருவுக்குள்ளும் டியூஷனுக்கும் மட்டும், ஹெல்மெட்டோடு மட்டும் என்று முடிவாயிற்று. அம்மா ஓட்டிய திண்டிவனம் ரோடு இன்று நாலு வழிச் சாலை. அங்கே வரும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் இந்தக் குட்டி வண்டி ஒரு தும்பி. அந்தப் பக்கம் திருப்பவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "பாட்டி போனாளே?" என்றாள். "பாட்டி போன ரோடு இப்ப இல்லடி" என்று பாட்டியே பதில் சொல்லிவிட்டாள்.

மழைக்காலம் வருகிறது. வண்டியைப் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வேர்த்து, நாம் பட்ட பாடெல்லாம் ஒரே மாசத்தில் துருவாகிவிடும். காற்றுப் போக வேண்டும். மேலே கூரை இருந்தால் பழைய நூல் புடவை போதும். எங்கள் வண்டி மேல் கிடப்பது அம்மா வேலைக்குக் கட்டிக்கொண்டு போன புடவை. அவளே எடுத்துக் கொண்டு வந்து போர்த்தினாள்.